லுண்டோய்க்கு ஒரு ஜோடி முயல்

லுண்டோய்,
12 ஜனவரி 1962

அன்புள்ள எல்ஸ்பா அக்காவுக்கு,

சுன்னிவா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் நானும் நிக்ளாஸும் சுகம். நீயும் ஹானுஸ் அத்தானும் பிள்ளைகள் மூவரும் உன் மாமியாரும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா?

அப்பா வந்து சேர்ந்தார். நல்லபடியாக என்று எழுத மாட்டேன். அலை அடித்த அடியில் படகு மூன்று தடவை பாறைக்குப் பக்கத்தில் வந்து மூன்று தடவையும் விலகிப் போயிற்று. நாலாவது தடவை அப்பா கயிற்றைப் பிடித்துக்கொண்டு தாவினார். கால் மடங்கிவிட்டது. முழங்கால் டர்னிப் கிழங்கு மாதிரி வீங்கிக் கிடக்கிறது. அறுபத்தெட்டு வயது மனிதர் உங்கள் ஊரில் முயல் சுடுவதற்காக வருடத்துக்கு இரண்டு தடவை இப்படித் தாவ வேண்டுமா?

வந்த நாளிலிருந்து உன் வீட்டுப் பேச்சுதான். "எல்ஸ்பா முயலுக்குள்ள வச்சுத் தைக்கிற மாவு இருக்கே, ரெண்டு கை திராட்சை போடறா. நீ ஏன் ஒரு கை போடறே?" என்கிறார். நேற்று அதே மாவை வைத்துக் கடற்கிளிப் பறவை சமைத்து வைத்தேன். முழுசாகச் சாப்பிட்டுவிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு வயிறு எரிந்தது அக்கா. மறைக்க மாட்டேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். வசந்தத்தில் உயிரோடு ஒரு ஜோடி முயல் பிடித்து அனுப்பு. இங்கே நரி கிடையாது, எலி கிடையாது, புல் கிடக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னால் உங்கள் ஊருக்கு நார்வேக்காரன் படகில் கொண்டுவந்து விட்டது நாலே நாலு முயல்தானாம். இன்றைக்கு உங்கள் மலை முழுக்க அதுதான். மூன்று வருடம் போனால் அப்பா கால் நோகாமல் இங்கேயே சுடலாம்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். பதில் போடு.

உன் தங்கை,
சுன்னிவா

*

ஹெஸ்ட்விக்,
9 பிப்ரவரி 1962

அன்புத் தங்கை சுன்னிவாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மாமியாருக்கு மூச்சிரைப்பு, மற்ற எல்லோரும் சௌக்கியம். அப்பா முழங்காலில் ஆட்டுக்கொழுப்பைச் சூடாக்கித் தடவி, கம்பளித் துணியால் சுற்று. இறுக்கிக் கட்டாதே.

முயல் என்ன உருளைக்கிழங்கு மூட்டையா, கேட்டதும் ஏற்றியனுப்ப? உங்கள் தீவில் ஒரு மேய்ச்சல் பங்குக்கு இத்தனை ஆடு என்று எண்ணி வைத்திருக்கிறவர்கள். ஒரு குட்டி கூடினாலே சட்டைக் காலரைப் பிடிக்கிறவர்கள். முயல் தின்கிற புல்லை யார் பங்கில் சேர்ப்பார்கள்? யோசித்தாயா?

அப்பா பத்து வயதிலிருந்து கயிற்றைப் பிடித்துத் தாவுகிறவர். இங்கே வந்தால் அவருக்குக் காலும் நோகாது, இடுப்பும் நோகாது. முயலை விரட்ட மலைச்சரிவில் ஆட்கள் வரிசை கட்டி நடக்கும்போது நடுவில் நிற்பது அவர்தான். "ஹைனி மாமா இல்லாத வரிசை, பல்லு போன சீப்பு" என்கிறார் உன் அத்தான். பிள்ளைகள் செப்டம்பரிலேயே "தாத்தா எப்ப வருவாரு?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

பத்து மாதம் அவர் உன்னிடம் இருக்கிறார். நவம்பரும் டிசம்பரும்தான் எனக்கு. அதன் மேலும் உனக்குக் கண்ணா?

உடம்பைப் பார்த்துக்கொள். நிக்ளாஸுக்கு என் அன்பு.

எல்ஸ்பா

*

லுண்டோய்,
6 மார்ச் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அப்பாவின் வீக்கம் வடிந்துவிட்டது. கொழுப்பு வேலை செய்தது. உன் மாமியார் மூச்சு எப்படி இருக்கிறது?

ஆமாம், கண்தான். உனக்கு மூன்று பிள்ளைகள். எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், தொட்டிலில் கம்பளி நூலைப் போட்டு வைத்திருக்கிறேன். எனக்கென்று இருப்பது அப்பா ஒருவர். அவரையும் கிறிஸ்துமஸ் சமயத்தில் நீ எடுத்துக்கொள்கிறாய். நாலு கிறிஸ்துமஸாக நானும் நிக்ளாஸும் மேஜைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.

அம்மாவை அடக்கம் செய்த அன்று உன் சமையலறையில் என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "எங்க வீட்டுல இடமில்லப்பா. மாமியார் கட்டிலே அடுப்படியிலதான் கிடக்கு." அப்பா தலையை ஆட்டினார். அந்த வாரமே அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகேறியவள் நான். ஜன்னல் பக்கத்து அறையைக் கொடுத்தவள் நான். வேட்டை வந்தால் மட்டும் உன் வீட்டில் எங்கிருந்து இடம் முளைக்கிறது?

ஆட்டுக்காரர்கள் கூட்டம் முடிந்தது. நிக்ளாஸ் எழுந்து நின்று பேசினார். உனக்குத்தான் தெரியுமே, வீட்டில்கூட வாய் திறக்காத மனுஷன். பெரிய பங்குக்காரர் ராஸ்முஸ், "நாலு வருஷத்துல என் ஆடு இளைச்சா நீ ரெண்டு ஆட்டைக் குறைச்சுக்கணும். சம்மதமா?" என்றார். நிக்ளாஸ் கையை நீட்டிச் சம்மதம் சொல்லிவிட்டார். இனி நீ அனுப்பாவிட்டால் தீவு முழுக்க எங்கள் முகத்தில் கரிதான்.

அனுப்புவாய் என்று காத்திருக்கிறேன்.

சுன்னிவா

*

ஹெஸ்ட்விக்,
27 ஏப்ரல் 1962

என் அருமைத் தங்கைக்கு,

எல்லோரும் மிக நலம். மாமியார்கூட எழுந்து உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். நீங்கள் எல்லோரும் சுகம்தானே?

நீ கேட்ட ஜோடி இந்தப் படகில் வருகிறது. அத்தான் வலை போட்டுப் பிடித்தார். நானே பக்கத்தில் நின்று பொறுக்கியெடுத்தேன். வலது காது கிழிந்திருக்கிறதே, பெரியது, அது பெட்டை. சின்னது ஆண். பெட்டியில் காய்ந்த புல்லும் டர்னிப்பும் வைத்திருக்கிறேன். படகுக்காரரிடம் ஈரம் படாமல் கொண்டுபோங்கள் என்று நாலு தடவை சொன்னேன்.

நீ எழுதியதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அக்கா தங்கைக்குள் என்ன இருக்கிறது? முயல் பெருகட்டும். உங்கள் கிறிஸ்துமஸ் மேஜை நிறையட்டும்.

ருபார்ப் ஜாம் இரண்டு புட்டியும் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குக் கொடு.

ஆயிரம் அன்புடன்,
எல்ஸ்பா

*

லுண்டோய்,
2 ஜூன் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். ஜாம் ஒரு புட்டி காலி.

முயல்கள் உயிரோடு வந்து சேர்ந்தன. தீவில் இருக்கிற நாற்பத்தொரு பேரும் இறங்குதுறைக்கு வந்துவிட்டார்கள், பாதிரியார் வந்தால்கூட இத்தனை பேர் வருவதில்லை. முயலை உயிரோடு பார்த்தவர் எங்களில் அப்பா மட்டும்தான். ராஸ்முஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இதுக்கா இத்தனை சண்டை? காது நீண்ட பூனை மாதிரி இருக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா இரண்டையும் ஒவ்வொன்றாகப் பிடரியைப் பிடித்துத் தூக்கினார், திருப்பிப் பார்த்தார், திரும்ப வைத்தார். "எப்படிப்பா இருக்கு?" என்றேன். "நல்ல முயல்" என்றார். அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன்.

மலையில் மேய்ச்சல் மேல்வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டோம். இரண்டும் இரண்டு திசையில் ஓடின.

உன் மனசு பெரியது அக்கா. மார்ச்சில் எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

அன்புத் தங்கை,
சுன்னிவா

*

ஹெஸ்ட்விக்,
19 ஆகஸ்ட் 1962

அன்புள்ள சுன்னிவாவுக்கு,

சுகம், உங்கள் சுகத்துக்கு எழுது. புல் வெட்டும் வேலையில் கை ஒழியவில்லை, அதனால்தான் பதில் தாமதம்.

குட்டி ஏதாவது கண்ணில் பட்டதா? முதல் வருடத்தில் பொறுமை வேண்டும். புது இடம் இல்லையா? நவம்பர் இரண்டாம் தேதி வேட்டை தொடங்குகிறது. அப்பா எந்தப் படகில் வருகிறார் என்று முன்கூட்டியே எழுது. தம்ளர், தட்டு எல்லாம் எடுத்து வைக்க வேண்டும்.

எல்ஸ்பா

*

லுண்டோய்,
20 அக்டோபர் 1962

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே ஆட்டை அறுத்துத் தொங்கவிட்டாயிற்று. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் வீட்டிலும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

குட்டி இல்லை. கோடை முழுக்க நிக்ளாஸ் ஞாயிறு தவறாமல் மேலே போய்ப் பார்த்தார். இரண்டு முயலும் இருக்கின்றன, நன்றாகக் கொழுத்திருக்கின்றன, மூன்றாவது இல்லை. கடை வாசலில் ராஸ்முஸின் மனைவி மேட்டா, "என்ன சுன்னிவா, உங்க வீட்டுக்கு வந்தா முயல்கூட குட்டி போட மாட்டேங்குது?" என்றாள். நாலு பேர் முன்னால். நான் சர்க்கரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்பா முப்பதாம் தேதிப் படகில் வருகிறார். ஒரு வாரமாகத் துப்பாக்கியைத் துடைக்கிறார், விசிலடிக்கிறார். இந்த வீட்டில் பத்து மாதமாக அவர் விசிலடித்து நான் கேட்டதில்லை.

அவர் தாவும்போது யாரையாவது கையைப் பிடிக்கச் சொல்லு.

சுன்னிவா

*

லுண்டோய்,
4 மார்ச் 1963

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். உன் வீட்டில் எல்லோரும் எப்படி என்று வழக்கத்துக்காகக் கேட்கிறேன்.

போன வாரப் பனியில் வலது காது கிழிந்த முயல் பாறையிலிருந்து விழுந்து செத்துக் கிடந்தது. ராஸ்முஸ் எடுத்துக்கொண்டு வந்து நாங்கள் இறைச்சி உலர்த்தும் கொட்டில் வாசலிலேயே தோலுரித்தார். சுற்றிலும் ஆறு ஆண்கள். திடீரென்று திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவே இல்லை. "நிக்ளாஸு, வாய்யா, உன் பொட்டையைப் பாரு! இவன் இன்னும் நூறு வருஷம் இருந்தாலும் குட்டி போட மாட்டான்யா!" ஆறு பேரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். நிக்ளாஸ் கையில் இருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனவர், இரண்டு நாள் வெளியே வரவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று பேசிய மனுஷன்.

"நானே பக்கத்தில் நின்று பொறுக்கியெடுத்தேன்" என்று எழுதினாயே. அந்தக் கடிதத்தை எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். கல்யாணமாகிப் போன நாளிலிருந்து முயலோடு வாழ்கிறவள் நீ. ஆண் எது பெட்டை எது என்று உனக்குத் தெரியாதா?

அப்பாவிடம் போய்க் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"பெட்டியைத் தொறந்தப்பவே தெரியும்."

"ஏன் சொல்லலே?"

பைப்பில் புகையிலையை அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறீர்கள். இனிமேல் எனக்கு ஜாம் அனுப்ப வேண்டாம்.

சுன்னிவா

*

ஹெஸ்ட்விக்,
30 மே 1963

என் தங்கை சுன்னிவாவுக்கு,

உன் கடிதம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஐந்து தடவை பதில் எழுதி அடுப்பில் போட்டேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

வேண்டுமென்றேதான் செய்தேன். அத்தான் ஆறு முயல் பிடித்தார், நாலு பெட்டை. நான் ஆண் இரண்டையும் எடுத்துப் பெட்டியில் வைத்தேன். "என்னடி இது, ரெண்டும் ஆணால்ல இருக்கு?" என்றார். "உங்க வேலையைப் பாருங்க" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

இடமில்லை என்று சொன்னது நான்தான். அந்த வார்த்தையை நான் மறந்த நாள் இல்லை. அன்றைக்கு மாமியார் பக்கத்து அறையில் கேட்டுக்கொண்டிருந்தார், எனக்குப் பயம். அதற்கப்புறம் ஒவ்வொரு நவம்பரும் அப்பா என் வாசலில் வந்து நின்று, காலணியில் இருக்கிற சேற்றைத் தட்டும்போது, இன்னும் என்னை விட்டுவிடவில்லை என்று நினைத்துக்கொள்வேன். நீ முயல் கேட்டதும், அந்தச் சத்தமும் போய்விடப் போகிறது என்றுதான் எனக்குப் புரிந்தது. உன் மேல் பொறாமை. உன் ஜன்னல் பக்கத்து அறை மேல் பொறாமை. நீ அவருக்குக் கஞ்சி ஊற்றுகிற கரண்டி மேல்கூடப் பொறாமை.

இந்தப் படகில் ஒரு பெட்டை வருகிறது. வயிற்றில் குட்டி இருக்கிறது, அத்தானும் தடவிப் பார்த்தார். மலையில் விட்டுவிடு. இதற்கப்புறம் அப்பா படகேற வேண்டியதில்லை என்று தெரிந்துதான் அனுப்புகிறேன். நிக்ளாஸிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

இந்தக் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டாதே. அவர் முகத்தில் விழிக்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

எல்ஸ்பா

*

லுண்டோய்,
16 ஜூன் 1963

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். நீங்களும் நலமாக இருங்கள்.

பெட்டை வந்து சேர்ந்தது. விட்டாயிற்று. நன்றி. நடந்தது நடந்துவிட்டது, நிக்ளாஸுக்கும் கோபம் இல்லை. அப்பா பார்த்தார். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

சுன்னிவா

*

ஹெஸ்ட்விக்,
12 நவம்பர் 1963

அன்புள்ள சுன்னிவா,

நீங்கள் மூவரும் சுகமா? இங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை.

ஜூனுக்கு அப்புறம் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. குட்டிகள் பிழைத்தனவா? வேட்டை தொடங்கி பத்து நாள் ஆயிற்று. அப்பா வர மாட்டார் என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தானே அனுப்பினேன்? ஆனாலும் இரண்டாம் தேதி தட்டு வைக்கும்போது ஒன்று கூட வைத்துவிட்டேன். சின்னவன் போஸ்ட் படகு வருகிற நாளெல்லாம் துறைக்கு ஓடுகிறான்.

அவர் அங்கே சந்தோஷமாகச் சுடுகிறாரா என்று மட்டும் எழுது. எத்தனை சுட்டார் என்று எழுது. அது போதும் எனக்கு.

எல்ஸ்பா

*

லுண்டோய்,
25 நவம்பர் 1963

என் அன்பு அக்காவுக்கு,

உடம்பில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. மற்றதை எழுதுகிறேன்.

குட்டிகள் பிழைத்துவிட்டன. ஏழோ எட்டோ இருக்கும், எண்ண நிற்பதில்லை. மேட்டாவின் முட்டைக்கோஸை வேரோடு தின்றுவிட்டன, அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். ராஸ்முஸ் வேலி போடுகிறார். இனி இந்த மலையிலிருந்து அவற்றை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது.

அப்பா ஒன்றைக்கூடச் சுடவில்லை. துப்பாக்கி மாட்டிய இடத்திலேயே தொங்குகிறது.

பெட்டை வந்த அன்று என்ன நடந்தது என்று ஜூனில் நான் எழுதவில்லை. அப்பா தூக்கித் திருப்பிப் பார்த்தார். வயிற்றைத் தடவினார். "இது நெசமாவே பொட்டை" என்றார். முயலைக் கையில் வைத்துக்கொண்டே, "எல்ஸ்பாவே அனுப்பினாளா?" என்றார். "ஆமாம்பா" என்றேன். "யாரும் சொல்லாம, அவளாவேவா?" "அவளாவேதான்." முயலைப் பெட்டிக்குள் வைத்து மூடியைச் சாத்தினார். "போன தடவை ரெண்டு ஆணை அனுப்பிச்சா. நான் வரணும்னு இருந்துச்சு அவளுக்கு. அதான் உங்கிட்ட சொல்லலே. சொல்லியிருந்தா நீ வேற கேட்டு வாங்கியிருப்பே" என்றார். அப்புறம், "இப்ப வேணாம்னு ஆயிடுச்சு போல. என்ன பண்றது, பிள்ளைங்க வளருது, அவளுக்கும் இடம் வேணும்ல" என்றார்.

உன் கடிதம் என் ஏப்ரன் பையில் இருந்தது அக்கா. எடுத்து வாசித்திருந்தால் ஒரு நிமிஷ வேலை. நான் எடுக்கவில்லை. அப்பாவுக்கு வாசிக்காதே என்று நீயே எழுதியிருந்தாய், அந்த வரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். மனசுக்குள் ஒன்றுதான் ஓடியது: இனி அவர் எனக்கு மட்டும்தான். கிறிஸ்துமஸும் எனக்குத்தான். பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். ஐந்து மாதம் மூடிக்கொண்டிருந்தேன். நீ இரண்டு முயலில் செய்ததை நான் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் செய்துவிட்டேன்.

அவர் என்னோடு இருந்தார். கஞ்சி கொடுத்தால் குடித்தார். நவம்பர் இரண்டாம் தேதி ஜன்னலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் முயல் மேய்கிறது, இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் கிடைத்த அப்பா இதுதான். நேற்று உன் கடிதம் வந்தது. ஒன்று கூட வைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

உன் மே மாதக் கடிதத்தையும் நேற்றைய கடிதத்தையும் உரக்க வாசித்தேன். கரண்டி மேல் பொறாமை என்று எழுதியிருந்ததையும் விடவில்லை. நான் செய்ததையும் சொன்னேன். அப்பா என்னைத் திட்டுவார் என்று நின்றுகொண்டிருந்தேன். "படகு நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்றார். "அப்பா, இங்கேயே முயல் இருக்கே" என்றேன், அப்போதும் விட மனசில்லாமல். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துப்பாக்கியை எடுத்துத் துடைக்க உட்கார்ந்தார். விசில் சத்தம் கேட்டது. நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

தபாலில் போடவில்லை இதை. அவர் கோட்டுப் பையில் வைத்திருக்கிறேன். இப்போது உன் கையில் கொடுத்துவிட்டு எதிரே நிற்கிறாரே, அவரை முதலில் உட்கார வை. முழங்காலைப் பார்.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. புத்தாண்டு முடிந்து வருகிற முதல் படகில் அவர் எனக்கு வேண்டும்.

உன் தங்கை,
சுன்னிவா